வரிச்சீட்டில் மூன்று வரிகள்

சென்ற ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் மகள் மான்செஸ்டரிலிருந்து ஒரு வரிச்சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்த கவுன்சில் டாக்ஸ் சீட்டு அது. சிறிது நேரத்தில் அழைப்பும் வந்தது. “ஏனுங்கப்பா, முப்பது வருசம் வரிச்சீட்டோடதான இருந்தீங்க, இதுல மேயருக்குன்னு ரெண்டு எடத்துல காசு கேட்டிருக்காங்களே, அது எதுக்குங்க?” என்றாள். கொங்கு நாட்டு நகராட்சி ஒன்றின் வருவாய்ப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று சொற்களுக்குள் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு வரிச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் தெரியாமல் விழித்தது அன்றுதான். “பாத்துச் சொல்றேன் அம்மிணி” என்று அழைப்பை முடித்துவிட்டேன். பார்க்கத் தொடங்கியது மாதக்கணக்கில் நீண்டுவிட்டது.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். என் தகப்பனார் சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். மான்செஸ்டர் என்றால் எங்கள் வீட்டில் பஞ்சும் சங்குச் சத்தமும்தான். அந்த ஊரை ஆள்வது யார், குப்பையை யார் அள்ளுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. பெயரை இரவல் வாங்கியவர்கள் ஊரைப் பற்றி விசாரிக்காமலே இருந்துவிட்டோம் என்பது அந்த வரிச்சீட்டைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதலில் சீட்டையே பார்ப்போம். நம் ஊரில் சொத்து வரி கட்டிடத்தின் உரிமையாளர் பெயரில் விதிக்கப்படுகிறது. அங்கே வீட்டில் குடியிருப்பவரே கட்ட வேண்டும், வாடகைக்காரர் ஆனாலும் சரி. வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வீடு எந்த வகுப்பில் விழும் என்பதை முடிவு செய்வது, 1991 ஏப்ரல் 1 அன்று அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கு. பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் 1991இன் விலையைக் கற்பனை செய்துதான் வகுப்பு ஒதுக்குகிறார்கள். இங்கிலாந்தில் அதற்குப் பிறகு மறுமதிப்பீடு நடக்கவே இல்லை. நாங்கள் மறுமதிப்பீட்டுக்காக டேப்பைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த நாட்களை நினைத்தால், அந்த ஊர் வருவாய்ப் பிரிவுக்காரர்கள் மீது எனக்குச் சிறிது பொறாமை உண்டாகிறது. மறுமதிப்பீடு நடக்காததற்குக் காரணம் அச்சம்தான். 1990இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் வீட்டு வரியை நீக்கிவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரியைக் கொண்டுவந்தார். லண்டனில் கலவரம் வெடித்தது. அவர் பதவி இழந்ததற்கு அந்த வரியும் ஒரு முக்கியக் காரணம். 1993இல் அதன் இடத்தில் வந்ததுதான் இந்தக் கவுன்சில் டாக்ஸ். சூடு கண்ட பூனைகள் யாரும் அதன் பிறகு அந்த அடுப்பண்டை போகவில்லை.

சீட்டில் மூன்று பெயர்கள் தொகை கேட்டு நின்றன. முதலாவது மான்செஸ்டர் நகர கவுன்சில். இரண்டாவது மேயரின் காவல் துறைப் பங்கு. மூன்றாவது, தீயணைப்பு உள்ளிட்ட, மேயரின் பொதுப் பங்கு. வசூலிப்பது நகர கவுன்சில். பின்னிரண்டையும் அது வாங்கி அப்படியே கைமாற்றிவிடுகிறது. நம் ஊரில் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறோமே, அதே ஏற்பாடு. மகளுக்கு இந்த அளவில் விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த மேயர் யார் என்று தேடியபோது இரண்டு பேர் கிடைத்தார்கள்.

மான்செஸ்டர் நகரத்துக்கு லார்டு மேயர் என்று ஒருவர் உண்டு. கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1838இலிருந்து மேயராக இருந்த பதவிக்கு 1893இல் லார்டு என்ற முன்னொட்டுச் சேர்ந்தது. கழுத்தில் பொன் சங்கிலி அணிந்து மன்றக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதும், விழாக்களில் கலந்துகொள்வதும் அவர் பணி. ஒரு தெருவிளக்கை மாற்றும் அதிகாரம்கூட அவருக்கு இல்லை. வரிச்சீட்டில் இருக்கும் மேயர் வேறு. மான்செஸ்டர், சால்ஃபோர்டு, போல்ட்டன், பரி, ஓல்டம், ராச்டேல், ஸ்டாக்போர்ட், டேம்சைடு, டிராஃபோர்டு, விகன் என்னும் பத்து உள்ளாட்சிகள் அடங்கிய கிரேட்டர் மான்செஸ்டர் முழுவதற்கும் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர் அவர். 2017இல் லேபர் கட்சியின் ஆண்டி பர்னம் முதல் மேயராக வந்தார். 2021இலும் 2024இலும் மீண்டும் வென்றார். பேருந்து, காவல், தீயணைப்பு போன்றவை அவர் பொறுப்பு. அப்படியானால் நகரத்தை உண்மையில் நடத்துவது யார் என்றால், மேயர் என்ற பெயரே இல்லாத மூன்றாவது ஒருவர். அவரைக் கவுன்சில் லீடர் என்கிறார்கள்.

கவுன்சிலில் 96 உறுப்பினர்கள். நகரம் 32 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டு, வார்டுக்கு மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஆனால் மூவரையும் ஒரே நாளில் தேர்ந்தெடுப்பதில்லை; ஆண்டுக்கு ஒருவர் வீதம் மூன்று ஆண்டுகள் மே மாதத்தில் தேர்தல் நடக்கும், நான்காம் ஆண்டு ஓய்வு. ஒவ்வொருவருக்கும் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். இந்த முறையில் ஆளும் கட்சி ஒரே இரவில் அடியோடு சரிந்துபோவது அரிது. அதே சமயம், தேர்தல் எப்போதும் அடுத்த ஆண்டு வாசலில் நிற்கும். பெரும்பான்மைக் கட்சியின் கவுன்சிலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பவரே லீடர் ஆகிறார். அவர் சிலரைச் சேர்த்து, வீட்டு வசதி ஒருவருக்கு, நிதி ஒருவருக்கு என்று துறை பிரித்துக் கொடுக்கிறார். 2000ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன், நம் நிலைக்குழுக்களைப் போலக் குழுக்களே எல்லாவற்றையும் முடிவு செய்து வந்தன. இப்போது நிர்வாகம் அந்தச் சிலரிடம் இருக்கிறது; மற்றவர்கள் ஆய்வுக் குழுக்களில் அமர்ந்து கேள்வி கேட்கிறார்கள். சாதாரணக் கவுன்சிலர்களுக்கு இதில் மனக்குறை உண்டு என்று படித்தேன். நம் கவுன்சிலர்கள் கேட்டால் அதை மனக்குறை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இனி, இந்த மன்றம் எப்படி உண்டானது என்ற கதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், எனவே சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

1800களின் தொடக்கத்தில் மான்செஸ்டர் உலகத்தின் பஞ்சுத் தலைநகரமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு கிராமப் பண்ணை. ஊரின் மேலாண்மை உரிமை மோஸ்லி என்ற குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1596இல் நிக்கலஸ் மோஸ்லி என்ற லண்டன் துணி வணிகர் அந்த உரிமையை 3,500 பவுண்டுக்கு விலைக்கு வாங்கியிருந்தார். ஊர்ச் சந்தையில் கடை போடுவோர் கொடுக்கும் சுங்கம் அந்தக் குடும்பத்துக்குப் போனது. பண்ணையின் பழைய மன்றம் ஆண்டுக்கொரு முறை கூடி ஊர்த் தலைவரையும் காவலர்களையும் நியமித்தது. புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தையில் மாடு ஓட்டி வருபவரிடம் வசூலிக்கும் சுங்கம் நகராட்சிக்குச் சேராமல் யாரோ ஒரு பாளையக்காரரின் வாரிசுக்குப் போய்க்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சந்தை ஏலம் எடுத்தவர்களின் தவணையைத் துரத்திப் பிடித்து வசூலித்தவன் என்ற முறையில், அந்தச் சுங்கத்தின் மதிப்பு எனக்குத் தெரியும். 1808இல் அந்தக் குடும்பமே உரிமையை ஊருக்கு 90,000 பவுண்டுக்கு விற்க முன்வந்தது. விலை அதிகம் என்று ஊரார் வாங்கவில்லை. அந்த ஊரார் யார் என்றால், அணா பைசா விடாமல் பேரம் பேசும் நூல் வணிகர்கள். நம் ஊர் ஆட்களுக்கு அந்த மனநிலை புரியும்.

நாடாளுமன்றத்தில் அந்த ஊருக்கு உறுப்பினர் கிடையாது. 1819 ஆகஸ்டு 16 அன்று, வாக்குரிமை கேட்டு செயின்ட் பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் கூடியபோது, நீதிபதிகளின் ஆணைப்படி குதிரைப்படை வாளுடன் கூட்டத்துக்குள் புகுந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். பீட்டர்லூ என்று அதைச் சொல்வார்கள். அந்தப் படையில் இருந்தவர்களில் பலர் உள்ளூர்க் கடைக்காரர்களும் ஆலை முதலாளிகளின் பிள்ளைகளும் என்பதால், ஊரை யார் ஆள வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

1832இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கிடைத்தார்கள். 1835இல் வந்த நகராட்சிச் சட்டம், வரி கட்டுவோர் மனுக் கொடுத்தால் தங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியாக மாற்றிக்கொள்ள வழி செய்தது. அந்த வழியில் ஊரைத் தள்ளிக்கொண்டு போனவர் ரிச்சர்டு காப்டன், அச்சிட்ட பருத்தித் துணி வணிகர். பண்ணையாரின் ஆட்சியிலிருந்து விடுபட்டு நகராட்சியாகுங்கள் என்று 1837இல் ஒரு துண்டு நூல் எழுதி ஊர் முழுவதும் பரப்பினார். 1838இல் அரசின் பட்டயம் கிடைத்தது. அந்த டிசம்பரில் முதல் தேர்தல் நடந்தது. 48 கவுன்சிலர்களும், அவர்கள் தேர்ந்தெடுத்த 16 ஆல்டர்மேன்களும் மன்றத்தில் அமர்ந்தார்கள். தாமஸ் பாட்டர் முதல் மேயரானார். டோரிகள் எனப்பட்ட பழமைவாதக் கட்சியினர் தேர்தலையே புறக்கணித்தார்கள். பட்டயமே செல்லாது என்று வழக்காடினார்கள். அதுவரை தெருவிளக்கையும் காவலையும் பார்த்துவந்த பழைய ஆணையர் குழு, அலுவலகக் கட்டடத்தைப் புதிய மன்றத்துக்குக் கொடுக்க மறுத்துவிட்டது. காவல் யார் கையில் என்ற சண்டை முற்றி, லண்டன் அரசே 1839இல் ஒரு காவல் ஆணையரை அனுப்பி வைத்தது. 1842 வரை அந்த நிலை நீடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சாவி வேறொருவரிடம் இருந்த அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிப் படித்தபோது, பெயர் சொல்ல விரும்பாத சில அலுவலகங்கள் என் நினைவுக்கு வந்தன.

வழக்குகள் ஓய்ந்ததும் மன்றம் செய்த பெரிய காரியம், 1846இல் மோஸ்லி குடும்பத்திடமிருந்து ஊரின் உரிமையை விலைக்கு வாங்கியது. விலை 2,00,000 பவுண்டு. 38 ஆண்டுகளுக்கு முன் 90,000 அதிகம் என்று வேண்டாம் என்ற அதே பொருள்! (அந்தக் குடும்பத்தின் பிற்கால வாரிசுதான் 1932இல் பிரிட்டிஷ் பாசிஸ்டுக் கட்சியைத் தொடங்கிய ஆஸ்வால்டு மோஸ்லி.) ஊரைப் பண்ணையாரிடமிருந்து கிரயம் வாங்கிக்கொண்ட மன்றம் என்பதால்தானோ என்னவோ, அதன் பின் நூறாண்டுகளுக்கும் மேலாக அது ஒரு சொத்துக்காரரைப் போலவே நடந்துகொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. எரிவாயு ஏற்கெனவே ஊர்ச் சொத்தாக இருந்தது. 1817இலேயே பழைய ஆணையர் குழு எரிவாயு நிலையம் அமைத்து, அதன் லாபத்தை ஊர் மேம்பாட்டுக்குச் செலவிட்டு வந்தது. நகர மன்றம் அதைச் சுவீகரித்துக்கொண்டு, அடுத்ததாகத் தண்ணீரில் கை வைத்தது.

முதலில் பென்னைன் மலைச்சரிவில் லாங்டென்டேல் பள்ளத்தாக்கில் அடுக்கடுக்காக அணைகள் கட்டினார்கள். அதுவும் போதாமல் போகவே, ஏறத்தாழ 96 மைல் வடக்கே ஏரி மாவட்டத்திலுள்ள தர்ல்மியர் ஏரியை வாங்கி உயர்த்த 1879இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார்கள். இயற்கை அழகு கெட்டுவிடும் என்று எழுத்தாளர் ஜான் ரஸ்கின் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பைத் தாண்டி, ஏற்ற இயந்திரம் எதுவுமின்றிச் சரிவின் வழியாகவே ஓடிவந்து 1894 அக்டோபரில் தண்ணீர் ஊரைச் சேர்ந்தது. இதைப் படிக்கும் எந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கும் சிறுவாணி நினைவுக்கு வராமல் இருக்காது. தர்ல்மியர் வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1889 அளவில், நம் ஊரில் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி இறங்கிச் சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவரலாம் என்று எழுதியும் பேசியும் வந்தார். அது நடப்பதற்கு 1920களின் இறுதி வரை ஆயிற்று. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார் காலத்தில்தான் கைகூடியது. அவர் பெயரில்தான் ஆர்.எஸ். புரம் இருக்கிறது. ஈரோட்டில் பெரியார் நகராட்சித் தலைவராக இருந்தபோது காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குள் கொண்டுவந்ததை ஈரோட்டுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரு நகராட்சித் தலைவரை நூறாண்டு கழித்தும் ஊர் நினைவில் வைத்திருக்க வேண்டுமானால் அவர் தண்ணீர் கொண்டுவந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

தண்ணீர் வந்த அதே 1894இல் கப்பலும் வந்தது. லிவர்பூல் துறைமுகத்துக்கும் ரயில் கம்பெனிக்கும் கட்டணம் கட்டிச் சலித்த மான்செஸ்டர் வணிகர்கள், 36 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிக் கடலையே ஊருக்குக் கொண்டுவர முயன்றார்கள். நடுவில் கம்பெனியின் பணம் தீர்ந்துவிட்டது. அப்போது நகர மன்றம் வரி செலுத்துவோரின் பெயரில் கடன் வாங்கி 50 லட்சம் பவுண்டு கொடுத்துக் கால்வாயை முடிக்க உதவியது. பதிலுக்கு 21 இயக்குநர் இடங்களில் 11ஐ வாங்கிக்கொண்டது. நம் ஊரில் ஒரு நகராட்சி இப்படிச் செய்தால் தணிக்கைத் துறை என்ன எழுதும் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. விமான நிலையமும் அப்படித்தான். 1938இல் ரிங்வேயில் நகர மன்றம் திறந்த விமான நிலையம் இன்று லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட்டையும் சேர்த்து நடத்தும் பெரிய நிறுவனம். அதில் மான்செஸ்டர் கவுன்சிலுக்கு 35.5 விழுக்காடு, மற்ற ஒன்பது கவுன்சில்களுக்கும் சேர்த்து 29 விழுக்காடு பங்கு. பீளமேட்டு விமான நிலையத்தில் கோவை மாநகராட்சிக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை.

கட்சி வரலாறு எளிது. 19ஆம் நூற்றாண்டில் லிபரல்கள் ஓங்கியிருந்தார்கள். பின்பு கன்சர்வேட்டிவ்களும் லேபரும் மாறி மாறி வந்தார்கள். 1908இல் மார்கரெட் ஆஷ்டன் மன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1926இல் நகரத்தின் தெற்கே வைதன்ஷா பண்ணையை வாங்கி, சேரிகளிலிருந்து மக்களைக் குடியமர்த்த ஒரு தோட்ட நகரத்தையே மன்றம் கட்டியது. 1967 முதல் நான்காண்டுகள் கன்சர்வேட்டிவ்கள் ஆண்டார்கள். 1971இல் வந்த லேபர் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்சியை விடவே இல்லை.

ஆனால் ஒரே கட்சி என்றால் ஒரே அரசியல் என்று பொருளில்லை. 1980இல் மான்செஸ்டர் தன்னை அணு ஆயுதமற்ற நகரம் என்று அறிவித்தது. பிரிட்டனில் அதுவே முதல். 1984இல் கட்சிக்குள் இடதுசாரி இளைஞர்கள் மூத்தவர்களை ஓரங்கட்டி, கிரஹாம் ஸ்டிரிங்கரை லீடராக்கினார்கள். தாட்சர் அரசுடன் மோதுவதே அன்றாட வேலையாக இருந்தது. 1987 பொதுத் தேர்தலில் தாட்சர் மூன்றாம் முறையும் வென்றபோது, அதே ஸ்டிரிங்கர் கணக்கை மாற்றிப் போட்டார்: லண்டனில் நம் ஆட்சி வரும்வரை காத்திருந்தால் ஊர் காய்ந்துவிடும், எனவே எவர் ஆட்சியில் இருந்தாலும் அவரோடு பேசிப் பணமும் முதலீடும் வாங்குவது என்று. 1992இல் டிராம் ஓடத் தொடங்கியது. 1996இல் ரிச்சர்டு லீஸ் லீடரான சில வாரங்களில், ஜூன் 15 அன்று, ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டு நகர நடுவைச் சிதைத்தது. உயிரிழப்பு இல்லை, ஆனால் 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த இடத்தை மீண்டும் கட்டி எழுப்பியதும், 2002 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை நடத்தியதும், அந்த அரங்கத்தைப் பின்பு மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணிக்குக் கொடுத்ததும் லீஸின் 25 ஆண்டுக் காலத்தில்தான். 2021 டிசம்பரில் அவருக்குப் பின் வந்த பெவ் கிரெய்க் அந்த மன்றத்தின் முதல் பெண் லீடர். மூன்று மாதம் கழித்து, 2022 மார்ச்சில், கோவை மாநகராட்சிக்கும் முதல் பெண் மேயர் வந்தார்.

எண்களிலும் ஒரு ஒற்றுமை கண்ணில் பட்டது. 2015 தேர்தலுக்குப் பின் மான்செஸ்டரின் 96 இடங்களும் லேபர் கையில் இருந்தன. 2016இல் ஒரே ஒரு லிபரல் டெமாக்ரட் உள்ளே வந்து தனியாளாக எதிர்க்கட்சி ஆனார். 2022இல் கோவையின் 100 வார்டுகளில் தி.மு.க. கூட்டணி வென்றதும் 96, அ.தி.மு.க.வுக்கு மூன்று, எஸ்.டி.பி.ஐ.க்கு ஒன்று. எதிர்க்கட்சி இல்லாத மன்றத்தில் சண்டை இல்லாமல் போவதில்லை, அது ஆளும் கட்சிக்குள் இடம் மாறுகிறது. அதைக் கோவையில் விக்டோரியா ஹால் கூட்டங்களின் செய்தியைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை சொத்தும் வரலாறும் உள்ள மன்றத்தை லண்டன் ஒரு சட்டத்தால் வெட்டவும் ஒட்டவும் முடியும் என்பதுதான் ஆங்கில முறையின் விசித்திரம். 1974இல் பத்து ஊர்களையும் சேர்த்து, அவற்றின் மேல் கிரேட்டர் மான்செஸ்டர் கவுன்டி கவுன்சில் என்று ஓர் அடுக்கைக் கட்டினார்கள். 1986இல் தாட்சர் அதை லண்டன் பெருநகரக் கவுன்சிலோடு சேர்த்துக் கலைத்துவிட்டார். அந்த மன்றங்கள் லேபர் கையில் இருந்தது காரணங்களில் ஒன்று என்பதை யாரும் மறைக்கவில்லை. மேல் அடுக்கு போனபிறகு பத்துக் கவுன்சில்களும் தாமாகவே கூடிப் பேசத் தொடங்கி, கால் நூற்றாண்டு கழித்து, 2011இல், கூட்டு ஆணையமாகச் சட்ட வடிவம் பெற்றன. 2012இல் மான்செஸ்டர் நகரத்துக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மேயர் வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் 53 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 2014 நவம்பரில், நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், கூடுதல் அதிகாரமும் பணமும் வேண்டுமானால் பத்து ஊர்களுக்கும் சேர்த்து ஒரு மேயரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். கவுன்சில் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். மகளின் வரிச்சீட்டில் இரண்டாம், மூன்றாம் வரிகள் வந்து உட்கார்ந்த கதை இதுதான். நமக்கோ 74ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் காப்பு 1993 முதல் உண்டு. அரசு நினைத்தாலும் உள்ளாட்சியைக் கலைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்தில் நம் மன்றங்களே வலுவானவை.

பணிக்காலம் முழுவதும் ஆணையர் அறை வாசலில் கோப்போடு நின்றவன் என்பதால், எனக்கு முக்கியமாகப் பட்ட வேறுபாடு வேறொன்று. மான்செஸ்டரில் அலுவலர்களுக்கெல்லாம் தலைவரான தலைமை நிர்வாகியைக் கவுன்சிலே விளம்பரம் செய்து, நேர்காணல் நடத்தி நியமிக்கிறது. அவர் கவுன்சிலின் ஊழியர். ஹோவர்டு பெர்ன்ஸ்டைன் என்பவர் 1971இல் பள்ளி முடித்த கையோடு அந்தக் கவுன்சிலில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து, 1998இல் தலைமை நிர்வாகியாகி, 2017இல் ஓய்வு பெற்றார். குண்டுவெடிப்புக்குப் பின் நகரத்தைக் கட்டியதில் லீஸுக்கு இணையாக அவர் பெயரைச் சொல்கிறார்கள். கோவையில் 100 கவுன்சிலர்களும் மேயரும் ஐந்து மண்டலத் தலைவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆணையர் மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அலுவலர். அவரை வரவழைத்ததும் மன்றம் அல்ல, மாற்றப்போவதும் மன்றம் அல்ல. மன்றம் தீர்மானம் போடலாம். கோப்பு அவர் மேசையிலிருந்துதான் நகர வேண்டும். 1866இல் கோவை நகராட்சி தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். ஆங்கிலேயர் தம் ஊரில் வைத்திருந்த நகராட்சியின் மன்றத்தையும் சங்கிலியையும் இங்கே கொடுத்தார்கள். மன்றத்துக்குக் கட்டுப்பட்ட அலுவலரை மட்டும் கொடுக்கவில்லை, மாவட்ட ஆட்சியரை மேலே உட்கார வைத்தார்கள். அந்த அமைப்பின் நிழலை நாம் இன்னும் உதறவில்லை என்பது என் கருத்து. மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையில்கூட நம்மால் ஒரு முடிவில் நிற்க முடியவில்லை: 1996இல் நேரடித் தேர்தல், 2006இல் மறைமுகம், 2011இல் மீண்டும் நேரடி, 2022இல் மீண்டும் மறைமுகம்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பாதியில் அவள், “அப்ப நான் ஓட்டுப் போட்டது யாருக்குங்கப்பா, லீடருக்கா மேயருக்கா?” என்றாள். ஓட்டா என்று நான் திகைத்தேன். பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் எவரும், நம் நாட்டுக் கடவுச்சீட்டே வைத்திருந்தாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து வாக்களிக்கலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 2023இலிருந்து வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாளச் சான்று காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. காமன்வெல்த் நாட்டுக் கடவுச்சீட்டும் செல்லும். அந்த மே மாதம் அவள் சாம்பல் நிற மழையில் இந்தியக் கடவுச்சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்த் தன் வார்டின் கவுன்சிலருக்கு வாக்களித்துவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் பிறந்தது 1996இல். கோவையில் 2011 உள்ளாட்சித் தேர்தலின்போது அவளுக்குப் பதினைந்து வயது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைப் பழங்குடியினர் இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டைச் சுட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களைக் கொண்டு மாநகராட்சிகளை நடத்தினார்கள். 2022 பிப்ரவரி 19இல் இங்கே தேர்தல் நடந்தபோது அவள் விமானம் ஏறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. பட்டியலில் அவள் பெயர் இருந்ததை, நான் வாக்களிக்கப் போனபோது சாவடியில் பார்த்தேன்.

“கவுன்சிலருக்குத்தான் போட்டிருக்கற அம்மிணி” என்றேன். “லீடரை அவங்க பாத்துக்குவாங்க.”